பதிவுப் பெயரில் ஒரு புள்ளி: கல்லடியில் வாங்கப்பட்ட கணினி விளையாட்டு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்நிகழ்வு 2024 ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் மட்டக்களப்பு, கல்லடியில் நடந்தது. நான் அங்கே கணினி திருத்தும் சிறிய கடையொன்றை நடத்துகிறேன். மாலையில் நிரலாக்க வகுப்பும் எடுக்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் இருவர். ஒருவர், அந்த ஆண்டு ஜனவரியில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த என் மாணவர். மற்றவர் அவருடைய சின்னம்மா, பாடசாலை ஆசிரியை. மாணவரிடம் சொந்த வங்கி அட்டை இல்லாததால் சின்னம்மாவின் டெபிட் அட்டையில்தான் எல்லாமே நடந்தன.

மாணவர் வாங்க விரும்பியது, ஐரோப்பிய நாடொன்றில் தனி ஒருவர் உருவாக்கித் தன் சொந்த இணையப் பக்கத்தில் விற்கும் விளையாட்டு. ஆளில்லாத் தீவொன்றில் ஒரு கிராமத்தைப் படிப்படியாகக் கட்டியெழுப்புவதே அதன் கதை. விலை 15 அமெரிக்க டொலர், அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 4,600 ரூபா. எங்கள் பகுதி இளைஞர்களிடையே விளையாட்டுகள் பென்ட்ரைவில் கைமாறுவதே வழக்கம். காசு கொடுத்து வாங்குவதைப் பற்றி யாரும் பேசிக்கொள்வதுகூட இல்லை. இவர் வாங்க விரும்பியதற்குத் தெளிவான காரணம் இருந்தது. அந்த உருவாக்குநர் தன் வேலையை எப்படிச் செய்கிறார் என்று மாதந்தோறும் எழுதிவந்தார். மாணவர் அவற்றை வாசித்தே தன் முதல் சிறு விளையாட்டை எழுதத் தொடங்கியிருந்தார். ஒருவருடைய உழைப்பைப் பாடமாக வைத்துப் படித்துவிட்டு அதற்குரிய விலையைக் கொடுக்காமல் இருப்பது தனக்குச் சரியாகப் படவில்லை என்று அவர் என்னிடம் சொன்னார். இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது என்பதை நான் வகுப்பில் சொல்வதுண்டு. ஆனால் அவரை வழிநடத்தியது சட்டமல்ல, அந்த நன்றியுணர்வுதான்.

விற்பனை முறை

விளையாட்டின் கோப்பு ஒன்றே. அதை யாரும் தரவிறக்கலாம். பதிவு செய்யும் வரை அது மாதிரிப் பதிப்பாக இயங்கும். சேமிக்கும் வசதி இருக்காது, முதல் கட்டத்துக்கு மேல் போகவும் முடியாது. பணம் செலுத்தியதும் வாங்குபவரின் பெயரிலிருந்து கணக்கிடப்பட்ட ஒரு குறியீடு மின்னஞ்சலில் வரும். பெயரையும் குறியீட்டையும் விளையாட்டின் பதிவுத் திரையில் இட்டால், இணையத் தொடர்பு இல்லாமலே அது இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்த்து முழுப் பதிப்பைத் திறந்துவிடும்.

இது பழைய ஷெயார்வெயார் மரபு. 1993 டிசம்பர் 10 அன்று வெளியான டூம் விளையாட்டின் முதற்பகுதி இலவசமாகப் பரவியதும், மீதியை விரும்பியவர்கள் பணம் அனுப்பி வாங்கியதும் இந்த மரபில்தான். ஸ்டீம் போன்ற பெரிய இணைய விளையாட்டுக் கடைகளில் வாங்கினால் விளையாட்டு நம் கணக்கோடு தானாகவே இணைந்துவிடும். பெயர், குறியீடு என்ற சிக்கலே எழாது. வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தையும் திரும்பப் பெறலாம். ஆனால் ஸ்டீம் வழக்கமாக விற்பனையில் 30 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அதோடு, அதன் செயலியே அடிக்கடி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். மாணவரின் வீட்டில் இருந்ததோ கைத்தொலைபேசி வலையமைப்பில் இயங்கும் டொங்கிள் இணைப்பு மட்டும். ஆகவே உருவாக்குநரிடமே நேரடியாக வாங்குவதென்று தீர்மானித்தோம். அந்தத் தீர்மானத்தில் எனக்கும் பங்கிருந்தது.

முன்பே தெரிந்த ஓர் அறிகுறி

வாங்குவதற்கு முன் மாணவர் மாதிரிப் பதிப்பை மூன்று வாரங்கள் விளையாடியிருந்தார். ஒருநாள் வகுப்பு முடிந்து போகும்போது, "சேர், ஒவ்வொருக்காவும் சத்தம் முழுசாத்தான் துவங்குது, நான் குறைச்சு வச்சாலும் நிக்குதில்ல" என்றார். மாதிரிப் பதிப்பில் சேமிக்கும் வசதி இல்லை என்பது தெரிந்ததால், ஒலியளவும் சேமிக்கப்படாமல் போவதை இயல்பென்றே எடுத்துக்கொண்டேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் அப்போதே செவிகொடுத்திருந்தால், பின்னால் வந்த இரண்டாவது சிக்கலைப் பணம் செலுத்தும் முன்பே கண்டுபிடித்திருக்கலாம்.

கொடுப்பனவு

முதல் முயற்சியில் அட்டை நிராகரிக்கப்பட்டது. வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு அந்த அட்டையில் செயற்படுத்தப்பட்டிருக்கவில்லை. சின்னம்மா வங்கிக்குத் தொலைபேசியில் பேசி அதைச் செயற்படுத்திக்கொண்டார். இரண்டாம் முயற்சியில் ஓடிபி இலக்கம் தாமதமாக வந்தது. அதற்குள் கொடுப்பனவுப் பக்கம் காலாவதியாகிவிட்டது. மூன்றாம் முயற்சி நிறைவேறியது. ஆனால் அன்றிரவு வங்கியின் குறுஞ்செய்திகளைப் பார்த்தபோது, கணக்கிலிருந்து இரண்டு தடவை பணம் குறைந்திருந்தது.

சின்னம்மா பதறினார். 4,600 ரூபா அவருடைய குடும்பத்துக்குச் சிறிய தொகையல்ல. அது இரண்டு மடங்காகப் போனதை அவரால் ஏற்க முடியவில்லை. உடனே வங்கியில் முறைப்பாடு செய்து இரண்டையும் திருப்பி எடுப்போம் என்றார். நான் சில நாட்கள் பொறுக்கச் சொன்னேன். இடையில் நின்றுபோன கொடுப்பனவுக்காக வங்கி ஒதுக்கி வைக்கும் தொகை, இறுதிப்படுத்தப்படாவிட்டால், தானாகவே கணக்குக்குத் திரும்பும். மாறாக, சார்ஜ்பேக் எனப்படும் பிணக்கு முறைப்பாட்டைத் தொடங்கினால் விற்பவர் விலையை மட்டுமன்றி அதற்கான கட்டணத்தையும் இழக்க நேரிடும். தனியொருவராக விற்பவர் அந்தக் குறியீட்டை இரத்துச் செய்யவும் நியாயம் உண்டு. எனவே இரண்டு குறுஞ்செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, உருவாக்குநரிடம் எத்தனை கொடுப்பனவுகள் வந்து சேர்ந்தன என்று மட்டும் மின்னஞ்சலில் கேட்டோம். ஒன்றுதான் என்று பதில் வந்தது. எட்டாம் நாள் மற்றத் தொகை கணக்குக்குத் திரும்பியது.

தரவிறக்கம்

கோப்பு ஏறத்தாழ 1.4 ஜிகாபைட். புதிய பதிப்பை எடுக்க வேண்டியிருந்ததால், மாணவர் வாவிப் பக்க யன்னல் கம்பியில் டொங்கிளைக் கட்டி, நள்ளிரவுக்குப் பிந்திய இரவு டேட்டாவில் தரவிறக்கினார். இடையில் ஒருமுறை இணைப்பு அறுந்து மீண்டும் தொடர்ந்ததால், கோப்பு மாறாமல் வந்திருக்கிறதா என்று அறிய உருவாக்குநர் தன் பக்கத்தில் கொடுத்திருந்த 64 எழுத்துச் சரிபார்ப்புத் தொடரோடு கோப்பை ஒப்பிட்டுப் பார்த்தோம். பொருந்தியது. நிறுவும்போது, இது அறியப்படாத நிரல் என்று விண்டோஸ் நீல நிற எச்சரிக்கைத் திரையைக் காட்டியது. நிரலை வெளியிட்டவர் யாரென்று விண்டோஸுக்கு உறுதிப்படுத்தும், ஆண்டுதோறும் கட்டணம் செலுத்திப் பெறவேண்டிய கையொப்பச் சான்றிதழைத் தனி உருவாக்குநர்கள் பலர் வாங்குவதில்லை. சரிபார்ப்புத் தொடர் பொருந்தியிருந்ததால் அந்த எச்சரிக்கையைக் கடந்து நிறுவினோம்.

முதல் தடை: பெயர்

பதிவுத் திரையில் மாணவர் முதலில் தன் பெயரை இட்டார். விளையாடப்போகிறவர் தான் என்பதால் தன் பெயரே வேண்டும் என்று நினைத்தார். திரை ஏற்கவில்லை. அடுத்து, சின்னம்மாவின் பெயரை அட்டையில் உள்ளபடி இட்டார். அதையும் ஏற்கவில்லை. குறியீட்டைக் கைத்தொலைபேசித் திரையிலிருந்து கொப்பியில் எழுதிப் பின்னர் தட்டச்சு செய்திருந்தார் என்பதால், பூச்சியத்தையும் ஆங்கில ஓ எழுத்தையும் மாற்றி வாசித்திருப்பாரோ என்று சந்தேகித்து அவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எட்டுத் தடவை முயன்ற பின் என்னிடம் வந்தார்.

நாம் தந்தையின் பெயரின் முதலெழுத்தை முன்னால் இட்டு, புள்ளி வைத்து, அதன் பின் நம் பெயரை எழுதுகிறோம். குடும்பப் பெயர் என்று ஒன்று நமக்கு இல்லை. விற்பனைப் படிவமோ முதற்பெயர், கடைசிப்பெயர் என்ற இரண்டு கட்டாயப் பெட்டிகளைக் கொண்டிருந்தது. சின்னம்மா முதற்பெட்டியில் தன் பெயரையும், காலியாக விட முடியாத இரண்டாம் பெட்டியில் முதலெழுத்தையும் புள்ளியையும் இட்டிருந்தார். விற்பனை நிரல் இரண்டையும் வரிசைப்படி சேர்த்து, பெயர், ஓர் இடைவெளி, முதலெழுத்து, புள்ளி என்று ஒரு பதிவுப் பெயரை உண்டாக்கியது. குறியீடு கணக்கிடப்பட்டது அந்தத் தொடரிலிருந்துதான்.

மின்னஞ்சலின் கீழ்ப்பகுதியில் பதிவுப் பெயர் அப்படியே அச்சாகியிருந்தது. நான் அதைக் கண்டேன். பெயரும் முதலெழுத்தும் இடம் மாறியிருப்பதையும் கவனித்து, அதே வரிசையில் தட்டச்சு செய்தேன். அப்போதும் திரை மறுத்தது. வரியின் முடிவில் இருந்த புள்ளியை வாக்கியத்தின் முற்றுப்புள்ளி என்று நினைத்து நான் விட்டுவிட்டேன். எங்கள் கேள்விக்கு ஏறத்தாழ 14 மணி நேரத்துக்குப் பின் வந்த உருவாக்குநரின் பதில் இரண்டே வரிகள்: பதிவுப் பெயரைத் தட்டச்சு செய்யாமல் அப்படியே பிரதி செய்து ஒட்டுங்கள், இறுதிப் புள்ளியும் பெயரின் பகுதியே. ஒட்டினோம். நன்றி தெரிவிக்கும் திரை வந்தது.

இரண்டாம் தடை: கோப்புறை

மாணவர் மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போய், விளையாட்டை மூடி மறுபடியும் திறந்திருக்கிறார். அது மீண்டும் மாதிரிப் பதிப்பாகவே நின்றது. பெயரையும் குறியீட்டையும் மறுபடி ஒட்டினால் ஏற்கும், மூடினால் மறந்துவிடும்.

வைரஸ் காப்பு நிரல் பதிவுக் கோப்பை அகற்றுகிறது என்பதே என் முதல் ஊகம். ஒரு மாலை முழுவதையும் அதன் பதிவேடுகளைப் பார்ப்பதில் செலவிட்டேன். அங்கே எதுவும் இல்லை. மறுநாள் அதே கோப்பை, அதே பெயரோடும் குறியீட்டோடும் கடைக் கணினியில் சோதித்தபோது பதிவு நிலைத்து நின்றது. அங்கே விளையாட்டு தன் பதிவுக் கோப்பைப் பயனரின் கோப்புறைக்குள் எழுதியிருந்தது. மாணவரின் லப்டொப்பில் அந்த இடத்தில் எதுவுமே இல்லை. அப்போதுதான் அவருடைய பயனர் கோப்புறையின் பெயரை முதன்முறையாக உற்றுப் பார்த்தேன். அது தமிழில் இருந்தது. லப்டொப் வாங்கிய அன்று அவருடைய தகப்பனார் பக்கத்திலிருந்து மகனின் பெயரைத் தமிழிலேயே தட்டச்சு செய்யச் சொல்லியிருக்கிறார். இணையக் கணக்கில்லாமல் உருவாக்கப்படும் பயனர் கணக்கில் நாம் இடும் பெயரே கோப்புறையின் பெயராகிவிடும். பின்னர் கணக்கின் பெயரை மாற்றினாலும் கோப்புறை மாறாது.

விண்டோஸில் நிரல்கள் கோப்புகளின் பெயரைக் கையாள இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, எல்லா மொழிகளின் எழுத்துகளையும் ஒரே அட்டவணையில் அடக்கும் யுனிகோட் வழி. மற்றது, ஒவ்வொரு மொழித் தொகுதிக்கும் தனித்தனி எழுத்து அட்டவணையை நம்பும் பழைய வழி. கிரேக்கத்துக்கும் ரஷ்ய மொழிக்கும் அரபிக்கும் அப்படியான அட்டவணைகள் உண்டு. தமிழுக்கு விண்டோஸ் அப்படியொரு அட்டவணையை ஒருபோதும் வழங்கவில்லை. தமிழ் அங்கே யுனிகோடில் மட்டுமே வாழும் மொழி. ஆகவே பழைய வழியில் எழுதப்பட்ட நிரலுக்குத் தமிழ் எழுத்துகள் ஒவ்வொன்றும் கேள்விக்குறியாகவே தெரியும். கேள்விக்குறி விண்டோஸ் கோப்புப் பெயர்களில் அனுமதிக்கப்படாத குறி. விளையாட்டு கேள்விக்குறிகளால் ஆன ஒரு கோப்புறையில் எழுத முயன்று, தோற்று, அந்தத் தோல்வியை யாருக்கும் சொல்லாமல் விட்டுவிட்டது. ஒலியளவு நிலைக்காததும் இதனால்தான். ஒலியமைப்பும் அதே கோப்புறைக்குள்தான் எழுதப்பட வேண்டியிருந்தது.

எடுத்த தீர்மானமும் காரணங்களும்

மூன்று வழிகள் எங்கள் முன் இருந்தன.

மாணவரின் நண்பர் ஒருவர் பதிவையே கேட்காதபடி உடைக்கப்பட்ட பிரதியைத் தருவதாகச் சொன்னார். பணம் கட்டியாகிவிட்டதே, இனி அதில் என்ன குற்றம் என்பது அவர் வாதம். அதை மறுத்தவர் மாணவர்தான். நான் அவருடைய மறுப்பை ஆதரித்தேன். உடைக்கப்பட்ட நிரல்களோடு தீநிரல்கள் ஒட்டிக்கொண்டு வருவதை என் மேசையில் வாரந்தோறும் பார்க்கிறேன். அந்தப் பிரதியும் அதே தமிழ்க் கோப்புறையில்தான் எழுத முயலும் என்பதால், அதில் விளையாட்டைச் சேமிக்கவும் முடிந்திராது.

இரண்டாவது வழி, விண்டோஸின் மொழி அமைப்பில் சோதனை நிலையில் உள்ள, யுனிகோடின் ஒரு வடிவமான யூடிஎஃப் 8 தெரிவை இயக்குவது. அது பழைய வழி நிரல்களுக்கும் தமிழ் எழுத்துகளைக் கொண்டுசேர்க்கக்கூடும். ஆனால் அந்த மாற்றம் கணினி முழுவதையும் தொடும். அதே லப்டொப்பில்தான் சின்னம்மா யுனிகோடுக்கு மாறாத பழைய பாமினி எழுத்துருவில் பல ஆண்டுகளாகச் சேர்த்த தவணைப் பரீட்சை வினாத்தாள்களும், அவற்றைத் திறக்கும் பழைய நிரலும் இருந்தன. ஒரு விளையாட்டுக்காக அவற்றை ஆபத்துக்குள்ளாக்க நான் விரும்பவில்லை.

மூன்றாவது வழியைத் தேர்ந்தோம்: ஆங்கில எழுத்தில் பெயரிட்ட இன்னொரு பயனர் கணக்கை உருவாக்கி, விளையாட்டை அதில் மட்டும் இயக்குவது. தமிழ்க் கணக்கை அழித்துவிட்டு எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றினால் எதிர்காலத்திலும் தொல்லை வராது என்று நான் சொல்லிப் பார்த்தேன். மாணவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அது அப்பா வைத்த பெயர், அப்படியே இருக்கட்டும் என்றார். அவர் சொன்னதே சரி என்று இப்போது நினைக்கிறேன். தன் பெயரைத் தன் எழுத்தில் வைத்திருப்பது பயனரின் பிழையாகாது. பிழை நிரலில் இருந்தது. வாடிக்கையாளரின் கணக்குப் பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுவதை ஒரு திருத்தமாக எண்ணிப் பல ஆண்டுகள் செய்துவந்திருக்கிறேன் என்பதை அன்றுதான் யோசித்தேன்.

அதோடு நிற்காமல், கண்டறிந்த அனைத்தையும் உருவாக்குநருக்கு எழுதுவது என்றும் முடிவு செய்தோம். மாணவரே ஆங்கிலத்தில் எழுதினார், நான் திருத்தினேன். கோப்புறையின் பெயர், எழுதத் தவறும் இடம், ஆங்கிலக் கணக்கில் அது வேலை செய்வது, ஒலியளவு நிலைக்காதது, எந்த வரிசையில் செய்தால் சிக்கல் மீண்டும் தோன்றும் என்பது ஆகியவற்றைக் கணினித் திரையின் படங்களோடு அனுப்பினோம். முறைப்பாட்டுத் தொனி அதில் இருக்கவில்லை.

பின்னர் நடந்தவை

இரண்டு நாட்களில் பதில் வந்தது. தமிழ்ப் பெயரில் ஒரு கணக்கைத் தன் கணினியில் உருவாக்கிப் பார்த்ததாகவும், சிக்கல் அங்கேயும் தோன்றியதாகவும், பதிவுக் கோப்பை எழுதும் பகுதி பத்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய பழைய நிரலிலிருந்து எடுத்தது என்றும் உருவாக்குநர் எழுதியிருந்தார். ஏப்ரல் மாத இறுதியில் வெளியான புதிய பதிப்பில் கோப்புகளைக் கையாளும் பகுதி முழுவதும் யுனிகோட் வழிக்கு மாற்றப்பட்டிருந்தது. எழுதத் தவறினால் அதைத் திரையில் தெரிவிக்கும் வசதியும், பதிவுப் பெயரைப் பிரதி செய்ய மின்னஞ்சலில் ஒரு தனிப் பெட்டியும் சேர்க்கப்பட்டிருந்தன.

மாணவர் அதைத் தன் தமிழ்க் கணக்கில் நிறுவி, ஒலியைப் பாதியாகக் குறைத்து, மூடித் திறந்து பார்த்தார். அது வைத்த இடத்திலேயே நின்றது. பதிவும் நின்றது.

விளையாட்டு இன்னும் சின்னம்மாவின் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. தொடக்கத் திரையில் அவருடைய பெயர் புள்ளியோடு தெரியும். விரும்பினால் மாணவரின் பெயருக்கு மாற்றித் தருவதாக உருவாக்குநர் சொன்னபோது, வேண்டாம் என்று மாணவர் எழுதிவிட்டார்.

இனி மாற்றிச் செய்வது

நேரடியாக வாங்கும் தீர்மானத்தை நான் மாற்றமாட்டேன். பெரிய கடையொன்றில் வாங்கியிருந்தால் முதல் தடை வந்திராது என்பது உண்மை. ஆனால் இரண்டாம் தடை அங்கேயும் ஒலியமைப்பிலும் சேமிப்பிலும் தொடர்ந்திருக்கும். அதைக் கேட்டுத் திருத்தக்கூடியவரை இரண்டு நாட்களில் எட்டியிருப்போமா என்பது சந்தேகமே.

மாற்ற வேண்டியவை வாங்குவதற்கு முந்திய வேலைகள். விளையாட்டு எந்தக் கணக்கில் இயங்கப்போகிறதோ அதே கணக்கில் மாதிரிப் பதிப்பைத் திறந்து, ஓர் அமைப்பை மாற்றி, மூடித் திறந்து பார்க்க வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் போதும். அட்டையின் வெளிநாட்டுக் கொடுப்பனவை முதல் நாளே செயற்படுத்தி, ஓடிபி வரும் கைத்தொலைபேசி தெளிவாகச் சமிக்ஞை கிடைக்கும் இடத்தில் இருக்கும்போது மட்டும் பணம் செலுத்த வேண்டும். படிவத்தில் பெயரை இட்டவுடன் அந்தத் திரையைப் படமெடுத்து வைப்பதும், மின்னஞ்சலின் பதிவு விபரங்களை ஒரு கோப்பில் ஒட்டிப் பென்ட்ரைவிலும் பிரதி வைப்பதும் இப்போது என் வகுப்பின் வழக்கமாகிவிட்டன. முதலெழுத்தைப் பின்னால் இட நேரும் படிவங்களில் புள்ளியை விட்டுவிடும்படி சொல்கிறேன்.

கடைக் கணினியிலும் தமிழில் பெயரிட்ட ஒரு பயனர் கணக்கை உருவாக்கியிருக்கிறேன். மாணவர்கள் எழுதும் நிரல்கள் எல்லாம் அந்தக் கணக்கில் ஒருமுறை இயக்கப்பட்ட பின்னரே முடிந்தவையாகக் கொள்ளப்படும். மீன்வாடி ஒன்றின் வரவு செலவைக் குறிக்க மாணவி ஒருவர் சி மொழியில் எழுதிய நிரல் அங்கே தன் கோப்பைத் திறக்க மறுத்தது. அவர் இப்போது அதைத் திருத்திக்கொண்டிருக்கிறார்.